எண்ணிக்கையின் மேல்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குச் சரிக்குச் சரியாக
மூன்றாம் மாடியில் எங்கள் ஓ.இ.டி. வகுப்பு.
ஜன்னலோடு பஸ்கள் உரசிப் போகும்.
வினிஷா மிஸ் என்னைவிட ஆறு வயது இளையவள்.
பலகையில் இன்றைக்கு
கவுண்ட் ஆன்.

கவுண்ட் என்றால்?
எண்ணு, என்றோம் பதினான்கு நர்ஸுகளும்.
ஆன்?
மேல்.
சேர்த்துச் சொன்னால்?
மேலே எண்ணு, என்றாள் அருமனை ஷைலட்,
மொட்டைமாடியில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டைச் சொல்வதுபோல.

நம்பியிரு என்று பொருளாம்.
"ஆனை விட்டுராதீங்க. ஆனை விட்டா மார்க்கு போச்சு."
கீரிப்பாறைக்காரி எழுந்தாள்:
"எங்க ஊருல விடாமலே வருது மிஸ், வாழையெல்லாம் போச்சு."
அன்றைக்கு அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

வீட்டுப்பாடம்: சொந்தமாக ஒரு வாக்கியம்.
நான் நம்பியிருப்பது, பிறகு ஒரு கோடு.

கிளீட்டஸ் என்று எழுதினேன். அழித்தேன்.
என் புருஷன் பொய் சொல்கிறவன் இல்லை.
வெள்ளிக்கிழமை பீஸ் கட்டிவிடலாம் என்பான்,
வியாழக்கிழமை குளச்சலில் கணவாய் விலை விழும்.
அவன் கணவாயை நம்பியிருக்கிறான்,
கணவாய் எதை நம்பியிருக்கிறதோ.

என் மாமியார் மீனை எண்ணும்போது
லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போவாள்.
ஒண்ணு என்ற சொல்லே அவள் வாயில் வராது.
முதல் மீனை மட்டும் அவள் எண்ணுவதில்லை,
நம்புகிறாள்.
நோட்டை மூடிவைத்துவிட்டு நைட் டியூட்டிக்குப் போனேன்.

மேஜையில் திங்கள்சந்தை டெம்போக்காரர்.
வயிற்றைத் திறந்து இரண்டு மணி நேரம்.
கொடுத்த மாப் துணி இருபது.
தைக்கப்போகும்போது டாக்டர் நிமிராமல் கேட்டார்:
"டெல்பின், கவுண்ட்?"

பத்தொன்பது சார்.

சரியாப் பாத்தியா என்று அவர் கேட்கவில்லை.
ஊசியைத் தட்டில் வைத்தார்.
மறுபடி வயிற்றுக்குள் கையை விட்டுத் துழாவினார்.
நான் வாளியைக் கவிழ்த்தேன்,
துணிகளைத் தரையில் ஐந்தைந்தாகப் பரத்தினேன்.
மயக்க டாக்டர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.
பதினோரு நிமிடம்.
அந்த மனுஷன் பாட்டுக்குத் தூங்கினார்,
நாங்கள் யாரென்று தெரியாமல்.

என் செருப்புக்கு அடியில் கிடந்தது,
ரத்தம் குடித்து, தரையோடு தரையாக.

கூச்சத்தோடு சொன்னேன்: இருபது. எண்ணிக்கை சரி.
அவர் சரி என்றுகூடச் சொல்லவில்லை.
தைத்தார்.
தோலின் மேல் தையல்,
தையலுக்கு அடியில் என் இருபது.

மூன்றாம் நாள் டெம்போக்காரர் மனைவி
முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள், டாக்டருக்கு.
மிஞ்சியதில் எங்களுக்கு ஆளுக்கொன்று.
பல்லில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம்வரை இனித்தது.

நோட்டு திரும்பி வந்தது.
கோட்டின் மேல் நான் எழுதியிருந்தது: இருபது.
பக்கத்தில் மிஸ் சிவப்பு மையில்:
ஆள் பெயர் வேண்டும்.

ஆளையே கூப்பிட்டேன்.
பின்னால் அலையும் ஐஸ் உடைக்கிற சத்தமும்.
"இந்த வெள்ளி நிச்சயம் பிள்ளே. நம்பு."

லாபம், என்றேன்.