சட்டைப்பையில் ஒரு மூடி

அதகாமாவில் ஜன்னலைச் சாத்துவது வெறும் சம்பிரதாயம்.
தூசி சாவித்துளை வழியே வரும்.
சீப்பின் பல்லிடுக்கில் வரும்.
ரொட்டியைக் கடித்தால் நறநறவென்று தன் பெயர் சொல்லும்.
எனக்கு அதனோடு பகையில்லை,
வேலை நேரம் தவிர.

ஒரு மயிரை எட்டாகப் பிளந்தால்
ஒரு பிளவு எவ்வளவோ
அவ்வளவுதான் நான் காக்கும் பாதை.
ஒளி அதில் ஒற்றையாளாகப் போகும்.
எதிரே ஒரு துகள் படுத்திருந்தால்
விலகி நடக்க ஓரம் கிடையாது.

பாதையின் வாசல், வெள்ளைப் பீங்கான் முனை.
விரல் பட்டால் எண்ணெய்.
ஊதினால் எச்சில்.
பிள்ளையின் கண்ணில் விழுந்த தூசியை
ஊதிவிடுகிற அதே அன்பு
இங்கே குற்றம்.
காய்ந்த துணியால் பரபரவென்று தேய்த்தாலோ
முனை மின்னேறி
அறையில் உள்ளதையெல்லாம் விருந்துக்கு அழைக்கும்.
ஒரு சொட்டு ஆல்கஹால்,
ஒரே திசையில் ஒரே இழுப்பு,
பிறகு துணியின் ஈரமில்லாத இடம்.
துடைத்த இடத்தில் மறுபடி துடைக்காதே.

நேற்று ராத்திரி பெயினே மருத்துவ நிலையத்திலிருந்து
நொர்மா லியெந்திரோ கூப்பிட்டாள்:
"படம் போகமாட்டேன் என்கிறது, யெர்கா.
பையனின் முழங்கை
கலாமா டாக்டர் திரையில்
பாதியில் நிற்கிறதாம்."

டோகோனாவோ குடிலில் என் முனை.
அறுபது கிலோமீட்டர் தெற்கே
நொர்மாவின் சுவரில் விளாடிமிர் புக்காவின் முனை.

துடைத்தாயா?
துடைத்தேன்.
பார்த்தாயா?
கன்னத்தில் கோக்கா இலை அதக்கிய மௌனம்.
துடைத்தேன்னு சொன்னேனே.

பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் பேசுகிறோம்,
ஒரே இழையின் இரண்டு நுனியில்.
முகம் பார்த்தது நாலைந்து தடவை.
அதில் ஒன்று அவன் மனைவியை அடக்கம் செய்த அன்று.

வண்டியை எடுத்தேன்.
நிலவில்லை. உப்புவெளிதான் கொஞ்சம் வெளுத்திருந்தது.

முதலில் லேசரை அணைத்தேன்.
அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்.
நாம் அதைப் பார்க்க முடியாது என்பதால்
அது நம்மை விட்டுவைக்காது.
பிறகு முனையை நானூறு மடங்கு பெருக்கும் கருவியில் செருகினேன்.

திரையில் சாம்பல் வட்டம்.
நட்டநடுவில் ஒரு தீவு.
அதற்குக் கரை இருந்தது, குடா இருந்தது,
உற்றுப் பார்த்தால்
நரம்பும் இருந்தது.

"மூடி எங்கே வைத்திருந்தாய், விளாடிமிர்?"
சட்டைப்பையைத் தொட்டான்.
உள்ளே சுருண்ட நூல், பிஸ்கட் தூள், இலைச் சருகு.
போன வாரம் சுவரில் வெள்ளையடித்தபோது
இழையைக் கழற்றி
தூசி படக்கூடாதென்று
அந்த மூடியைத்தான் பத்திரமாக மாட்டியிருக்கிறான்.
வேலி பயிரை மேய்வது
இத்தனை கரிசனத்தோடும் நடக்கும்.

மூன்று துடைப்பில் இலை போனது.
இலையோடு வந்த உப்புக்கல்லும் போனது.
அது அழுந்திய குழி போகவில்லை.
எதிர்முனையைக் கழற்றிப் பார்த்தேன்:
அங்கேயும் அதே குழி, கண்ணாடியில் பார்த்ததுபோல்.
தனித்தனியே இருந்தவரை இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.
சேர்த்து முடுக்கிய நொடியில்தான்
நொறுங்கியது.

உறை பிரிக்காத புது இழைகள் இரண்டு என்னிடம் இருந்தன.
பிரித்தேன், அவற்றையும் பார்த்தேன்
(புதிதையும் நம்பக்கூடாது),
துடைத்தேன், மறுபடி பார்த்தேன், செருகினேன்.
முழங்கை முழுதாகக் கலாமா போய்ச் சேர்ந்தது.
எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்றார்கள்.
பையன் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தான்.

கிளம்பும்போது விளாடிமிர் கேட்டான்,
"உன் பக்கத்து முனையைப் பார்த்தாயா?"

என் கன்னத்தில் இலையில்லை.
ஆனாலும் அதே மௌனம்.

மூடிகளைப் போட்டு வைக்க
இறுக்கி மூடும் சின்னப் பை ஒன்று கொடுத்துவிட்டு வந்தேன்.
கவனமாக வாங்கிச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.
இன்று நொர்மா சொல்கிறாள்,
அதில் இலை வைத்திருக்கிறானாம்.
நமுத்துப் போகாமல் இருக்கிறதாம்.