எந்தக் கால்

புந்தா அரேனாஸில் காற்று ஆளைத் தள்ளும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்,
பிடித்துக்கொண்டே நடந்து
வேலைக்கு வந்து சேர்வேன்.
ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம். பதிவேட்டு அறை.
சன்னல் கிடையாது.

முடிக்காத கோப்புகள் நானூற்றுப் பதினொன்று.
போன மாதம் முந்நூற்றுத் தொண்ணூறு.
மின்னஞ்சல் அனுப்பினேன். சிவப்பு எழுத்தில் அனுப்பினேன்.
இயக்குநர் பெயர்ப்பட்டியலை லிஃப்ட் கதவில் ஒட்டினார்;
யாரோ அதன்மேல்
கால்பந்துப் போட்டியின் நேரத்தைக் குறித்துவைத்தார்கள்.

டாக்டர் பாபிச் கெட்டவர் இல்லை.
விடிய விடிய நின்றபடி அறுப்பார், தைப்பார்.
எழுதச் சொன்னால் மட்டும்
"நாளைக்கு, நெலிதா" என்பார்.
அவருடைய நாளைக்கு
இருபத்துமூன்று நாள் நீளம்.

நேற்று மாலை ஒருவழியாக இறங்கி வந்தார்.
எவாரிஸ்தோ மன்சில்யாவின் கோப்பு.
நண்டுப் படகுக்காரர். சர்க்கரை, அழுகல், இரண்டு விரல்.
பேனாவைத் திறந்தார்.
மூடினார்.
கூரையைப் பார்த்தார்.
அறுவைக் குறிப்பிலும் அந்த இடம் வெற்று.
"நெலிதா, இடது காலா, வலது காலா?"

நோயாளியைத் தொடாதவள் நான்.
ஆனால் வெள்ளிக்கிழமை அந்த மனிதர் வந்திருந்தார்,
காப்பீட்டுக்கு நகல் கேட்டு, மூன்றாவது தடவையாக.
என் மேசையைப் பிடித்தபடி நின்றார்.
ஒரு காலில் ரப்பர் பூட்ஸ்,
இன்னொன்றில் கட்டுத்துணிக்கு மேல்
மழைக்காகச் சுற்றிய மீன் பை.

"இடது" என்றேன்.
எழுதினார். தேதி போட்டார். கையெழுத்திட்டார்.
டாக்டரின் நினைவு என்று
அந்தத் தாளில் இனி இருக்கப்போவது
என் கண்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. சரி, வயிறு தாங்கும்.
ஆறின குறிப்பு?

படுத்த பிறகுதான் உறைத்தது:
அவர் நின்றது எனக்கு எதிரே.
நான் சொன்ன இடது
அவருடையதா,
என்னுடையதா?

இன்று காலை யாரையும் கேட்கவில்லை.
மேசையை லிஃப்டில் ஏற்றி
மூன்றாம் மாடியில்,
காப்பி இயந்திரத்துக்கும் கதவுக்கும் நடுவே போட்டேன்.
வீடு திரும்புகிறவர் சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள்
நாலு வரி எழுதிவிடலாம்,
அவர் கண்ணெதிரே,
கேட்டுக் கேட்டு.
டாக்டர் பாபிச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார்.
அந்தப் பக்கம் சுவர்.
உட்கார்ந்தார்.

பத்து மணிக்குள் ஆறு கோப்பு.
மீதி நானூற்று ஐந்து.
அப்புறம் மன்சில்யா வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.
மணி அடிக்கிறது.
இன்னும் அடிக்கிறது.
நொண்டிக்கொண்டு வர வேண்டுமே,
காத்திருக்கிறேன்.