பதினேழாம் நோட்டு

டிசம்பர் வெள்ளம் எழும்பூர் நிலவறைக்குள்
முழங்கால் வரை வந்து பார்த்துவிட்டுப் போனது.
அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை:
நனைந்த தாள்களுக்கு இடையில் ஒற்றுத்தாள் வைப்பது,
மின்விசிறியை இரண்டில் நிறுத்துவது,
காய்ந்ததைப் படம் எடுப்பது.
தினக்கூலி. அறுநூற்றைம்பது.

பென்ரோஸ் என்றொரு துரை
முப்பத்தொரு நோட்டுகள் விட்டுப் போயிருக்கிறார்.
தோல் அட்டை, சட்டைப்பை அளவு,
பென்சில் செருக ஒரு வளையம்.
மை நனைந்தால் அழுதுவிடும், பென்சில் அழாது.
அவர் பென்சிலால் எழுதியதற்கு
மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பெரிதாக எதையும் தேடாதீர்கள்.
"காலை ஏழு. பனி. பரங்கிமலைத் தெற்குச் சரிவு.
பாறை கருநீலம், உடைத்தால் எண்ணெய்ப் பளபளப்பு."
"மட்டக்குதிரைக்குக் கொள்ளு, ஒன்றரை அணா."
"செங்குன்றம். செம்புரைக்கல், ஓட்டை ஓட்டையாய்,
பாலாடைக்கட்டி போல. பசிக்கிறது."
"கடிதம் இல்லை."
"கடிதம் இல்லை."
"கடிதம் வந்தது."
பிறகு மூன்று நாள் எதுவுமே இல்லை.
நான்காம் நாள், நேராக,
"சாய்வு கிழக்கே முப்பது பாகை."

கடைசித் தாள்களில் தமிழ், ஆங்கில எழுத்தில்:
தண்ணீர். மெதுவாக. எவ்வளவு. பொய்.
கல்: பாறைத்துண்டு.
ஆறு சொல் தள்ளி, மறுபடி கல்: படி.
"இரண்டும் ஒன்றா? முன்ஷியைக் கேட்க வேண்டும்."
கேட்டாரா, தெரியாது.

செலவுக் கணக்கில்தான் ஓபுலய்யா வருகிறார்.
பல்லாவரத்துக் கல்லொட்டர், நாளுக்கு மூன்று அணா.
ஜூலையில் "சுத்தியல் கூலி."
செப்டம்பரில் "ஓ."
பிப்ரவரியில் "ஓ. சொல்கிறான்:
தட்டினால் மணிபோல் ஒலிக்கும் கல்லில் விரிசல் இல்லை,
ஓட்டைப்பானைபோல் ஒலித்தால் கையை எடு."
அடுத்த வருஷ அறிக்கையின் படி ஒன்று உள்ளே மடித்திருந்தது.
அதிலும் அதே வாக்கியம்,
"நான் கவனித்தவரை" என்று தொடங்கி.

கோபம் வரவில்லை என்று சொல்லமாட்டேன்.
கோபத்தில் திருப்பினால் தாள் கிழியும்.
மெதுவாகத் திருப்பினேன்.

பதினேழாம் நோட்டு, மார்ச். காய்ச்சல்.
எழுத்து வரிக்கு வரி சரிந்து
மலையிறங்கி வந்து
ஒரு பாதிச் சொல்லில் உட்கார்ந்துவிடுகிறது.
அட்டவணை சொல்கிறது:
"பக்கம் 62 முதல் 69 வரை வெற்று. படம் தேவையில்லை."

வெற்று இல்லை.
கோடுகள், நாலு நாலாய், குறுக்கே ஒரு வெட்டு.
மேலே ஒரு வட்டம். அடுத்த தாளில் கொஞ்சம் தேய்ந்த வட்டம்.
எட்டாவதில் பாதி. நிலா.
கீழே மலையின் முதுகு, ஒரே இழுப்பில்,
அதில் ஓரிடத்தில் அழுத்தி வைத்த புள்ளி.
துரை கூடாரத்தில் பிதற்றிக்கொண்டிருந்த எட்டு நாளும்
யாரோ வேலையை நிறுத்தவில்லை.
கூலி விட்டுப்போகக் கூடாதே என்றும் இருக்கலாம்.
அது ஓபுலய்யா என்று என்னால் நிரூபிக்க முடியாது.
பென்சிலை உளிபோல் பிடித்த கை அது.
தாளின் பின்பக்கம் தடவினால்
இன்னும் மேடு தட்டுகிறது.

எட்டையும் எடுத்தேன்.
"வெற்றுத்தாளுக்கு எதற்கும்மா இடம்?"
என்றார் ஹபீபுல்லா சார்.
விளக்கைச் சாய்த்துக் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
நெடுநேரம் குனிந்திருந்தார்.
"எழுதியவர் பெயர் கேட்குமே, என்ன போடுவது?"
அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஞாயிறன்று, போனில் ஒரு திருட்டுப் பிரதியோடு
பல்லாவரம் போய் நின்றேன்.
மலையின் முதுகு பாதிவரை கோட்டோடு ஒத்துப்போகிறது,
மீதிக்கு மலை இல்லை.
புள்ளி வைத்த இடத்தில் குவாரிப் பள்ளம்,
பச்சைத் தண்ணீர், கம்பிவேலி,
வேலியில் யாரோ காயப்போட்ட பள்ளிச் சீருடை.
ஓரமாய்க் கிடந்த கல்லொன்றை
வீட்டுச் சாவியால் தட்டிக் காதை வைத்தேன்.
தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.
மறுபடி தட்டினேன்.