ஒழுக்கு

பதினோராம் மாதம் திரும்பிப் போனேன்.
என் கதிரையில் டிலோஜன் இருந்தான்,
என் மேசையில் அவனுடைய தண்ணீர்ப் போத்தல்.
"அக்கா, நீங்க ஒள்ளுப்பம் அந்தப் பக்கம்" என்றான்.
அந்தப் பக்கம் என்பது
முறைப்பாட்டுப் புத்தகம், உடைந்த மீற்றர்கள்,
மூலையில் சாத்தி வைத்த ஓர் இரும்புக் கம்பி.

பத்தரைக்குப் பால் கட்டும்.
குளோரின் பீப்பாக்கள் அடுக்கிய அறையில்
கதவை முதுகால் அடைத்துக்கொண்டு
பீய்ச்சி பேசினில் விடுவேன்.
குழாயைத் திறந்து அதைப் போகச் சொல்வேன்.
நீர் வழங்கல் சபையில் வேலை செய்கிறவள்
இந்த விரயத்தை
எந்தப் பத்தியில் பதிவது?

நொச்சிமுனையிலிருந்து ஒரு முறைப்பாடு.
ஞானரெத்தினம் என்ற மனிசி
ஆறாவது தடவையாக எடுத்திருந்தார்:
"குழாய் இருமுது மகள், தண்ணி வரல்ல.
காத்துக்குமா பில் அனுப்புறீங்க?"
கம்பிக்காரர் வவுனியாவுக்கு மாறிப்போய் மூன்று மாதம்.
"நீங்க சும்மாதானே இருக்கிறீங்க"
என்றார் பொறியியலாளர்.
அந்தச் சும்மாவையும் கம்பியையும்
ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஒரு நுனி தெருவில்.
மறு நுனியில் சின்னக் கிண்ணம், அதற்குள் காது.
முதலில் லொறி. பிறகு என் இரத்தம்.
பிறகு ஏதோ உறுமிற்று. "இங்கே" என்றேன்.
வெட்டினார்கள். காய்ந்த மணல்.
உறுமியது சந்தியிலிருந்த மின்மாற்றி.
மண்வெட்டிக்காரர் மரியாதைக்கு இருமினார்.
டிலோஜன் வாய்விட்டே சிரித்தான்.

"இரவு ஒரு மணிக்கு வருவம்."
சொன்னது நான்தானா என்று
எனக்கே சந்தேகம்.
சதாகரன் பிள்ளையைத் தோளில் போட்டபடி
"உனக்கென்ன விசரா?" என்றான்.
போகாதே என்று சொல்லவில்லை.

அந்த நேரம் எனக்குப் பழக்கம்.
முட்டு இழுத்த மார்கழி முழுக்க
மிதுஷாவின் முதுகில் காதை வைத்துக் கிடந்தவள் நான்.
தகரத்தில் மழை, அதற்குக் கீழே மின்விசிறி,
அதற்கும் கீழே அவளுடைய மூச்சு.
ஒவ்வொன்றாய் விலக்கி விலக்கி
அடியில் கிடப்பதைத் தொடத் தெரியும்.
இதைப் போய் யார்
தகைமை என்று எழுதுவார்கள்?

நாய்கள் குரைத்து ஓயும்வரை நின்றோம்.
கடல் அரைக் கட்டைக்கு அப்பால். அதை விலக்கினேன்.
டிலோஜனின் ஃபோன். நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினான்.
மறுகா,
சளி கட்டிய பிள்ளை மூக்கால் இழுக்குமே, அதுபோல
மெல்லிசாய், விடாமல்.

கல்லடிப் பாலத்தடியில் வள்ளத்திலிருந்து
துடுப்பைக் காதில் வைத்தால் மீன் பாடும் என்பார்கள்.
இரண்டு முறை போயிருக்கிறேன்.
வள்ளக்காரரின் மனம் நோகக்கூடாதென்று தலையாட்டினேன்.
அன்றிரவு யாருக்காகவும் தலையாட்டவில்லை.
"ஒரு முழம் கிழக்கால" என்றேன்.

மூன்றாம் வெட்டில் மண் கறுத்தது.
ஐந்தாம் வெட்டில் மண்வெட்டிக்காரரின் சாரம் நனைந்தது.
மூட்டு விட்ட குழாயிலிருந்து
ரோர்ச் வெளிச்சத்தில் விசிறியாய்த் தண்ணீர்.
அதைப் பார்த்தபடி நிற்க
எனக்கும் பால் இறங்கிற்று.
சட்டை நனைந்ததை ஒருவரும் காணவில்லை,
எல்லோருமே நனைந்திருந்தோம்.
கேற்றடிக்கு நைற்றியோடு வந்த ஞானரெத்தினம்
"காத்தப் புடிச்சிட்டீங்களா மகள்?" என்றார்.

கதிரையை நான் திருப்பிக் கேட்கவில்லை.
கிழமைக்கு மூன்று இரவு:
புதூர், திமிலைதீவு, போன வாரம் ஆரையம்பதி.
சம்பளத் தாளில் இன்னும் நான் எழுதுவினைஞர்தான்.
சில இரவுகள் ஒன்றும் கேட்காது,
வெறுங்காதோடு வருவேன்.

நாலு மணிக்கு வந்து படுத்தால்
மிதுஷா புரண்டு என் காதைத் தேடுகிறாள்.
கிண்ணம் அழுத்திய வட்டம்
விடியும்வரை அதில் இருக்கும்.
விரலால் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள்,
நித்திரையா விழிப்பா,
தெரியவில்லை.