பல்லுறை

தலையணையில் கிடந்தது
கடைவாய்ப் பல்லின் ஒரு சில்லு.
அரிசியில் பொறுக்கினால் கல் வருமே, அந்த அளவு.

தூக்கத்தில் எதைக் கடிக்கிறீர்கள் என்றார் டாக்டர் சுவாத்.
அவர் க்ளினிக்கில் பதினோரு வருடமாய்
வருகிறவர்களின் பெயரெழுதுகிறவள் நான்.
ஹேசல்நட் என்று பொய் சொன்னேன்.

கடிப்பது எண்களை.
நீல அட்டையில் எடுத்துச் சிவப்புக்குக் கட்டுவேன்,
சிவப்பில் எடுத்து ட்யூலிப் பூப் போட்டதற்கு,
ட்யூலிப்பில் எடுத்து மறுபடி நீலத்துக்கு.
ஓட்டைப் படகின் தண்ணீரை
முன்பக்கமிருந்து பின்பக்கத்துக்கு
இறைத்துக்கொண்டிருந்தேன்.

எஸ்கிஷெஹிர் கடைகளில்
விலையை யாரும் சொல்வதில்லை,
எத்தனை தவணை என்றுதான் கேட்பார்கள்.
துணி துவைக்கும் எந்திரம் ஒன்பது தவணை.
ஏழில் நின்றுபோனது,
எட்டும் ஒன்பதும் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.
பெல்கிஸின் குளிர்கோட்டு
மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது.
அதற்கு இன்னும் மூன்று மாதம் கட்டவேண்டும்.

பில்களை மசூர் பருப்பு டப்பாவில் ஒளித்துவைத்தேன்.
எக்ரெம் அதைத் திறக்கமாட்டார்.
கல்யாணமான நாளாய்த் திறந்ததில்லை.
போன் அடித்தால் குளியலறைக்குள் ஓடிக்
குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவேன்.
‘துலாய் ஹனும், குறைந்தபட்சத் தொகையாவது...’
மிக மரியாதையான குரல். அதுதான் கொடுமை.
திட்டினால் திருப்பித் திட்டியிருக்கலாம்.
அந்த மாதம் தண்ணீர் வரியும் ஏறியது.

பிப்ரவரியில், போர்சுக் ஆற்றின் ஓரங்கள் உறைந்திருந்த ஒரு ஞாயிறு,
எனக்குக் காய்ச்சல்.
சூப் வைக்கிறேன் என்று அடுக்களைக்குள் போனார் எக்ரெம்.
படுத்தபடி கேட்டேன்
டப்பா மூடி கழலும் சத்தம்.
பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.
தெருவில் ஒரு டிராம் போனது.
இன்னொன்று போனது.

வந்தார்.
கையில் என் பில்கள், மடிப்புகளில் பருப்பு.
கத்தப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.
குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து
தன் ஸ்பானர் பையை இழுத்து,
அதன் அடியில் துழாவி
நான் பார்த்தேயிராத ஒரு பச்சை அட்டையை
என் போர்வைமேல் வைத்தார்.
‘பட்டறையில் ரெண்டு மாசம் சம்பளம் வராதப்ப’
என்றார். அவ்வளவுதான்.

முதலில் வந்தது கோபம்,
துளி நியாயமில்லாத கோபம்.
பிறகு சிரிப்பு.
சிரித்ததில் உடைந்த பல் வலித்தது.

மகளின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டினோம்.
இரண்டு லட்சத்துப் பதினான்காயிரத்து அறுநூறு லிரா.
வாய்விட்டுச் சொல் என்றார்.
மூன்று முறை தொண்டையில் நின்றது,
நாலாவதில் சொன்னேன்.
ஒரு லிராகூடக் குறையவில்லை.
ஆனாலும் அதுவரை வீடெல்லாம் புகையாய் இருந்தது
இப்போது மேசைமேல் ஒரு பாறாங்கல்.
கல்லென்றால்
எந்தப் பக்கம் கைகொடுத்துத் தூக்கலாமென்று
சுற்றிவந்தாவது பார்க்கலாம்.
சூப் அடிப்பிடித்திருந்தது. குடித்தோம்.

திங்களன்று நானே வங்கிக்குப் போன் செய்தேன்,
குழாயைத் திறக்காமல்.
அதே குரல்.
எல்லாவற்றையும் ஒரே கடனாக்கி முப்பத்தாறு மாதம்,
அட்டைகள் இனி இயங்காது, சம்மதமா என்றது.
சம்மதம் என்றேன்.
உங்களுக்கு ஜலதோஷமா என்றும் கேட்டேன்.
அந்தப் பக்கம் சற்றுநேரம் பேச்சில்லை.
‘ஆமா, இங்க ஹீட்டர் வேலை செய்யல’ என்றாள்.

மீன் நறுக்கும் கத்தரிக்கோலால் நான்கையும் வெட்டினோம்.
பச்சைதான் வளைந்து வளைந்து அடம்பிடித்தது.

டாக்டர் என் பற்களுக்கு அச்செடுத்து
இரவில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்துகொடுத்தார்.
மெதுவாகக் கொடுங்கள், தவணையாக...
என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
நான்கு சனிக்கிழமைகள் கூடுதலாய் உட்கார்ந்து
அவருடைய பழைய கோப்புகளை அடுக்கிக் கழித்தேன்.

ஜூனில் அந்த உறையை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
‘இன்னும் கடிக்கிறீர்கள்.
இடது பக்கம் மட்டும்.’

அது வட்டிப் பக்கம் என்றேன்.
பிறகு, அடுத்தவர் பெயரைக் கூப்பிடப் போனேன்.