பதினொரு நிமிடம்

ஜூன் கடைசியில் ஈரி ஏரி
தன் அடிச்சேற்றை எடுத்துக் காற்றில் எறிகிறது.
ஒருநாள் பூச்சிகள்.
விளக்குக் கம்பம் தெரியாது, ஐஸ்கிரீம் கடைக் கண்ணாடி தெரியாது,
காலடியில் பொரித்த அப்பளமாய் நொறுங்கும்.
விடியற்காலை நாலு மணிக்கு
நாங்கள் தண்டவாளத்தைப் பெருக்குகிறோம்.
சிரிக்காதீர்கள், எஃகு வழுக்கும்.

இந்த வண்டிக்குப் பெரிய வித்தை ஒன்றும் தெரியாது.
ஏறும். விளிம்புக்கு வரும்.
மூக்கைக் கவிழ்த்து நாலு விநாடி நிற்கும்.
பிறகு இருநூற்றுப் பத்தடி, சுவர்போல நேராக.
டிக்கெட் அந்த நாலு விநாடிக்கு.
விழுவதை பூமி
எங்கும் இலவசமாகவே தருகிறது.

சனிக்கிழமை, மாலை ஆறு இருபது.
நாலு விநாடி முடிந்தது.
ஐந்தாவது வந்தது.
ஆறாவது.
ரேடியோவில் ஸ்டோய்கோ:
"வெல்டா, உன் பிள்ளைங்க மேல மாட்டிக்கிட்டாங்க."

முந்நூற்று நாலு படி.
என் முழங்காலுக்கு அறுபது வயது,
மற்ற உறுப்புகள் அவ்வளவு இல்லை.
கைப்பிடிக் கம்பியிலிருந்து பூச்சிகளை வழித்து உதறியபடி
ஏறினேன்.

மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு.
இருபத்துநாலு முகங்கள் தரையைப் பார்த்துத் தொங்கின.
முன்வரிசைக்குக் காலடியில் ஒன்றுமே கிடையாது.
நாற்பத்தெட்டு கால்கள், நாற்பத்தேழு ஷூ.
ஒன்று முந்திக்கொண்டது.

கூச்சல் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
கூச்சலுக்கும் நாலு விநாடிதான் ஆயுள்போல.
அதற்கப்புறம் ஜனங்கள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.
டொலீடோவில் டயர் கடை வைத்திருப்பவர்
பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு
வலது முன்சக்கரம் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று
விளக்கிக்கொண்டிருந்தார்.
இன்னொருத்தி கார் நிறுத்துமிடத்தைத் துழாவினாள்:
"அதோ! டிக்கிய மூடாம வந்திருக்க, ட்ராய்."
ட்ராய் கண்ணை இறுக்கி மூடி
ட்ராய் என்று யாரும் பிறக்கவே இல்லை என்பதுபோல் இருந்தான்.

ஓரத்து இருக்கையில் ஷூ போன பையன்,
பன்னிரண்டு வயதிருக்கும்,
காலுறையில் பெருவிரல் எட்டிப்பார்த்தது.
"நீங்க இதுல போயிருக்கீங்களா?"

ஒன்பது வருடம்.
ஒவ்வொரு போல்டும் என் ஸ்பானருக்கு உறவு.
முறுக்கிய பின் ஒவ்வொன்றுக்கும்
மஞ்சள் பெயிண்டில் கோடு இழுத்தவள் நான்.
பொய்களும் கைவசம் நிறைய இருந்தன.
"இல்ல," என்றேன்.
"ஏன்?"
"இங்க நிக்கிறது எனக்குப் பிடிக்காது."
அவன் கொஞ்சம் யோசித்தான்.
"இப்ப நிக்கிறீங்களே."

கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார்.
அதன்மேல் பூச்சிகள், ஒன்றின்மேல் ஒன்றாய்,
அவசரமாய்க் காதலித்துக்கொண்டிருந்தன.
சாப்பிட வாய்கூட இல்லாத ஜீவன்கள்.
அவற்றின் வாழ்நாளில் பதினொரு நிமிடம் என்றால்
நம் கணக்கில் எத்தனை மாதம்,
போட்டுப் பார்க்கவில்லை.
கையுறையால் துடைத்தேன்.

"வண்டி இப்பப் போகும்," என்றேன்.
"எண்ணிச் சொல்லணுமா, சொல்லாமலே விடணுமா?"
வாக்கெடுப்பு நடந்தது,
ஒஹாயோவில், இருநூற்றுப் பத்தடி உயரத்தில்.
சொல்ல வேண்டாம் என்று பதினைந்து, சொல் என்று எட்டு.
ட்ராய் கலந்துகொள்ளவில்லை.

ரேடியோவை வாய்க்குக் கொண்டுபோனேன்.
பையன் கீழே பார்ப்பதை விட்டு
என் வாயைப் பார்த்தான்.

இருபத்துநாலு பேரின் எடை
விட்டுப்போன தண்டவாளம்
என் குதிகாலில் ஏறி
பல்வரை வந்து நின்றது.

அதற்குப் பிறகு கயிறு கட்டி மூடினோம்.
சோதனைக்காக வெற்று வண்டியை மூன்று முறை விட்டார்கள்.
நான் மேலேயே இருந்தேன்.
ஒவ்வொரு முறையும் நாலு விநாடி, கச்சிதமாக.
ஆளில்லாத நாலு விநாடி
எவ்வளவு குட்டை.

ஷூ மறுநாள் பெருக்கும்போது கிடைத்தது,
பெட்டூனியாப் பாத்தியில், உள்ளே பூச்சி நிறைய.
உதறினேன். தொலைந்த பொருள் அறையில் வைத்தேன்.
சீட்டில் எழுதினேன்:
இடது கால். அளவு ஐந்து.
விழுந்த நேரம் ஆறு இருபது,
மற்றவர்களுக்கு முன்.