தீர்மானம் எண் பதினேழு

ஆனித் திருவிழாவில் லங்கர்கட்டைக் கடைக்கு
உரிமம் கொடுப்பதா கூடாதா
என்று ஊரைக் கேட்டது பஞ்சாயத்து.
அறுபத்து நாலு, வைகாசிக் கடைசி.
ஏகாம்பரம் எழுதித் தந்த தொகை ஆயிரத்து இருநூறு.
கோரையாற்று மதகுக்குப் பலகை மாற்ற
வேறு வழியில்லை என்றார் தலைவர்.
"இப்ப மட்டும் நடக்காமலா இருக்கு?
ஏட்டையா பைக்குப் போறதை
ரசீது போட்டு நாம வாங்குனா என்ன?"

கையெழுத்துத் தெரியாதவர்கள் பாதிப்பேர்,
அதனால் ஆளுக்கு இரண்டு புளியங்கொட்டை.
ஒருபக்கம் தேய்த்து வெளுத்தது சம்மதம்.
தேய்க்காத கறுப்பு மறுப்பு.
பானையில் ஒன்று, மற்றதை வாய்க்காலில் எறி.

தேய்த்தவன் நான்.
பஞ்சாயத்து எழுத்தன், சம்பளம் நாற்பது.
சிமெண்டுத் தரையில் உரசும்போதே
விரலுக்கு ஞாபகம் வந்துவிட்டது.
இதே கொட்டை, இதே வெளுப்பு,
இதே சூடு,
ஒரு தாயத்துக்காக எத்தனை ராத்திரி.

எருக்கூடையை இறக்கிவைத்துவிட்டு
பெண்கள் வரிசையில் நின்றார்கள்.
உலகாயி மட்டும் நின்றபடியே பேசினாள்.
"தவலை போச்சு. கன்னுக்குட்டி போச்சு.
என் தோட்டை லங்கர்க்காரன் பொண்டாட்டி
காதுல பாத்தேன் போன வருஷம்.
ரசீது போடுவீங்களாமே,
அதுக்கும் ஒண்ணு போடுங்க."
அவள் புருஷன் தம்புராசு
ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஆற்றில் மணல்தான் இருந்தது.

குறுவைக்குக் கடன் வாங்கியிருந்த மாசிலாமணி
துண்டை உதறிச் சிரித்தார்.
"நாத்தங்காலை உழுதுபோட்டுட்டு
மேட்டூரைப் பாத்துக் குந்தியிருக்கோமே,
அந்தச் சூதுக்கு எவன் குடுத்தான் லைசென்ஸ்?"
எந்தக் கொட்டையைப் போட்டாரோ.
ஓலைத் தட்டிக்குப் பின்னால்
நேரம் அதிகம் எடுத்துக்கொண்டார்.

பானையைக் கவிழ்த்தோம்.
நூற்றுப் பதினாலு வெள்ளை.
நூற்றுப் பதினாலு கறுப்பு.
மூன்றுதரம் எண்ணினோம்.
ஒரு கொட்டையை நாய் தின்றிருக்கும் என்றுகூட
யாரோ சொன்னார்கள்.

"திருவுளச்சீட்டுப் போட்டுடலாம்,
சட்டத்துல இடமிருக்கு" என்றார் தலைவர்.
"சூது வேணாம்னு சொல்ல வந்தவளைச்
சீட்டெடுக்கச் சொல்றீங்களா?"
கேட்டவள் என் பக்கம் திரும்பினாள்.
"எழுத்தர் இன்னும் போடலையே."

போடவில்லை.
சட்டைப்பையில் இரண்டும் இருந்தன,
காலையிலிருந்து தொடையில் குத்தாமல்
நெஞ்சில் குத்திக்கொண்டு.

தட்டிக்குப் பின்னால் போனேன்.
மதகை நினைத்தேன். தோட்டை நினைத்தேன்.
ஏகாம்பரத்திடம் எனக்கிருந்த
அறுபது ரூபாய்ப் பாக்கியை நினைத்தேன்.
நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது,
வெட்கம் ஒரே பக்கம்.
பிறகு கண்ணை மூடி
இரண்டையும் உள்ளங்கையில் குலுக்கி
ஒன்றை நழுவவிட்டேன்.

கறுப்பு.

தீர்மானம் ஒரு வாக்கில் தோற்றது
என்று நானே பேரேட்டில் எழுதினேன்.
கோட்டகச்சேரியில் அன்றிலிருந்து எனக்கு
உத்தமன் என்று பெயர்.
உலகாயி இரண்டு பூசணிப் பிஞ்சு கொண்டுவந்து
அலுவலக வாசலில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.
மறுநாள் முதல் பஸ்ஸில் தம்புராசு
நீடாமங்கலம் போனான், ஆட.
அந்த வருஷமும் பழைய பலகைக்கு
வைக்கோலும் களிமண்ணும் திணித்தோம்.

வெள்ளைக் கொட்டையை நான் எறியவில்லை.
மேசை டிராயரில், முத்திரை மைக்குப் பக்கத்தில்.

கூட்டம் கலையும்போது யாரோ சொன்னார்கள்,
"பன்னண்டாம் தேதி தண்ணி தொறந்துடுவான்."
"தொறக்க மாட்டான்,"
இருட்டுக்குள்ளிருந்து இன்னொரு குரல்,
"என்ன பந்தயம்?"